மாதிரிக்கு ஒரு டஜன்

சீமையிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது, வந்து படித்துச் சொல் என்று பத்ருன்னிசாவைக் கூப்பிட்டு அனுப்பினார் சென்னியப்பன். மண்ணரையில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் முதலாளி. அவளுடைய அத்தா பசீர் அகமது அங்கே கட்டிங் மாஸ்டர். கோயமுத்தூரில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய ஒரு கடிதத்துக்காக மூன்று மாதமாக வீட்டில் காத்திருந்தாள் அவள்.

"உக்காரு கண்ணு. எனக்குக் கம்பெனி பேரைப் படிக்கற அளவுக்குத்தான் இங்கிலீசு" என்றார் முதலாளி.

அத்தா கத்தரியோடு வந்து கதவருகே நின்றார். முதலாளிக்கு எதிரே மகள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததில் அவருக்குச் சந்தோஷம்.

அவள் கடிதத்தைப் பிரித்தாள். ஒரு தடவை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

பன்னிரண்டு பனியன்களுக்கு நன்றி. நாங்கள் பல்கலைக்கழகத்தின் ஜவுளித் துறை, ஆடைகள் வாங்குவதில்லை. ஏப்ரலில் நாங்கள் எழுதியது செல்வி பத்ருன்னிசாவுக்கு. ஆராய்ச்சிப் படிப்புக்கு இடமும் மூன்றாண்டு உதவித்தொகையும் தருவதாக எழுதினோம். ஜூன் முப்பதுக்குள் அவரிடமிருந்து பதில் இல்லாததால் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. கடிதத்தைப் பெற்றுக்கொண்டவர் தாமதத்தின் காரணத்தைக் கையெழுத்திட்டு அனுப்பினால், அடுத்த ஆண்டுக்குப் பரிசீலிக்கலாம். ஆகஸ்ட் பதினைந்துக்குள் வந்து சேரவேண்டும்.

அன்று ஆகஸ்ட் மூன்று.

மண்ணரைச் சந்துகளில் கதவு எண் கிடையாது. ஆட்களுக்கு வரும் தபாலையெல்லாம் தபால்காரர் கம்பெனியிலேயே கொடுத்துவிட்டுப் போவார். அவளும் விண்ணப்பத்தில் அந்த விலாசத்தைத்தான் எழுதியிருந்தாள்.

"சரக்கப் பத்தி என்ன சொல்றாங்க?"

"மொதக் கடுதாசி எங்கீங்க?"

இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உறையின் மேல் அவள் பெயர் கொட்டை எழுத்தில் தட்டச்சாகியிருந்தது.

"இதுல என் பேர்தானுங்க இருக்குது."

"பேர் இருந்துச்சு. பாய் ஊட்டுப் பேராட்டத்தான் தெரிஞ்சுது. பாய் நம்ம ஆளு, கம்பெனி நம்மது. உள்ள டெக்ஸ்டைல்னு போட்டிருந்துச்சு. வேற என்னத்துக்கு எழுதுவாங்கன்னு மாதிரிக்கு ஒரு டஜனும் விலைப்பட்டியலும் அனுப்பி உட்டேன்."

அவள் கடிதத்தைத் தமிழில் சொன்னாள். இடம் போன கதையில் ஒரு வரி விடவில்லை. அத்தா கத்தரியைக் கீழே வைத்தார்.

"அந்த டஜனை நாந்தான் வெட்டுனேன்" என்றார். "சீமைக்குப் போற சரக்குன்னு தனியா வெட்டுனேன்."

"அதைப் பத்தியும் கடைசில எழுதியிருக்காங்க அத்தா. மரியாதைக்கு ஒண்ணை எடுத்துச் சோதனைக் கூடத்துல துவைச்சாங்களாம். நூத்துக்கு ஒம்பது பங்கு சுருங்கிருச்சாம்."

முதலாளி எழுந்துவிட்டார். "சுருங்குச்சா? நம்ம பனியனா? வெந்நீர்ல போட்டிருப்பாங்க! அதை எழுது கண்ணு மொதல்ல."

அவள் அவரையே பார்த்தாள். மூன்று வருடப் படிப்பு கைநழுவியதைச் சொன்னபோது அசையாத முகம் அது.

மேசையிலிருந்த லெட்டர்பேடை இழுத்து ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினாள். செல்வி பத்ருன்னிசாவுக்கு வந்த கடிதத்தை எங்கள் கம்பெனி பிரித்தது. அவரிடம் கொடுக்கவில்லை. தவறு முழுவதும் எங்களுடையது. எழுதியதைத் தமிழில் சொல்லிவிட்டு அவர் பக்கம் தள்ளினாள்.

"கையெழுத்துப் போடுங்க."

"இதுலயா? கடுதாசிக்கும் ஆர்டருக்கும் வித்தியாசம் தெரியாதவன்னு நானே எழுதிக் குடுக்கறதா? நாளைக்கு எவன் நம்மகிட்டச் சரக்கு எடுப்பான்? வேண்டாங் கண்ணு. அடுத்த வருசம் புதுசா எழுதிப் போடு. இல்லீன்னா இங்கயே சாயப்பட்டறையப் பாத்துக்க. உனக்கில்லாத வேலையா?"

"அத்தா, சொல்லுங்க."

அத்தா முதலாளியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "மொதலாளி யோசிக்கட்டும் பத்ரு. இன்னிக்கு லாரி வருது. நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்கா? நாளைக்கு அவர் யோசிப்பார். நாளன்னிக்கு நீங்க யோசிப்பீங்க."

பேனாவைத் திறந்து, கடிதத்தின் அடியில் 'கம்பெனிக்காக' என்று எழுதித் தன் முழுப் பெயரையும் போட்டாள். ரப்பர் முத்திரையை எடுத்து அழுத்திக் குத்தினாள்.

"அடி பாவி! கம்பெனி பேர்ல நீ எப்படிப் போடுவே? தப்பு அது."

"தப்புத்தானுங்க. என் பேர்ல வந்ததை நீங்க பிரிச்சீங்க. உங்க பேர்ல போறதை நான் எழுதறேன்."

"போலீசுக்குப் போவேன் பாத்துக்க."

"தாராளமாப் போங்க. வழியில போஸ்ட் ஆபீசுலயும் நின்னு, உறைல யார் பேர் போட்டிருக்குதுன்னு கேட்டுட்டுப் போங்க."

பழைய உறையையும் சீமையிலிருந்து வந்த இரண்டு கடிதங்களையும் தான் எழுதியதையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கதவை மறித்தாற்போல அத்தா நின்றிருந்தார். அவர் கை நீண்டது. மன்னிப்புக் கேள் என்றுதான் அந்தக் கை சொன்னது.

"நகருங்க அத்தா. நாலு மணிக்குத் தபால் கட்டிருவாங்க."

அவர் நகரவில்லை. அவள் அவர் கையை விலக்கிவிட்டு வெளியே போனாள்.