கொற்றிக்கு எழுபத்திரண்டு கேள்வி

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் எங்கள் கேம் கம்பெனி. மொத்தம் ஐந்து பேர். நான் பவதாரிணி, ஆட்டத்தை ஆடி ஆடிப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. அதனால் யாரையும் சட்டென்று பாராட்டும் பழக்கம் கிடையாது. ராஜபாண்டி கதை எழுதுகிறவன்.

எங்கள் ஆட்டத்தில் கொற்றி என்று ஒரு வில்லுக்காரி நம் கூடவே நடந்து வருவாள். பிடித்தால் அவளைக் காதலிக்கலாம். முதலில் அதற்குச் சங்கு வளையல் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று வைத்திருந்தான். ஒரு வளையலுக்குப் பத்து பாயிண்ட், நூறானால் காதல். நான் வரிசையாகப் பத்து வளையல் கொடுத்தேன். பதினோராவது நிமிடம் "உன்னைப் பிரிந்து வாழ மாட்டேன்" என்றாள். அவள் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. "இவ என்ன லூசா?" என்று பிழைப் பட்டியலில் எழுதினேன்.

ராஜபாண்டிக்குச் சுருக்கென்றது. வளையலை மொத்தமாகத் தூக்கிவிட்டான். இப்போது ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் தீ மூட்டி உட்காரும்போது கொற்றியிடம் ஒரு கேள்வி கேட்கலாம். முதலில் சின்னக் கேள்விகள்: நடந்ததில் கால் வலிக்கிறதா, கையில் அந்தத் தழும்பு எப்படி வந்தது. பதில்களைக் கேட்கக் கேட்கத்தான் பெரிய கேள்விகள் திறக்கும். அவசரப்பட்டு "என்னைப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால், "அதுக்குள்ளயா?" என்று வில்லைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நன்றாகவே இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவனுக்கும் சோழவந்தான் திவ்யாவுக்கும் கல்யாணம் பேசிப் பூ வைத்தார்கள். திவ்யா கணக்கு டீச்சர். தினமும் மதியம் ஒன்றரைக்கு அவளுக்கு போன் போடுவான்.

"சாப்ட்டியா? ம். நானும் சாப்ட்டேன். சரி, வச்சிர்றேன்."

அவ்வளவுதான். பிறகு கூரியரில் ஏதாவது அனுப்புவான். சுடிதார், வாட்ச், ஆள் உயரக் கரடி பொம்மை. அவள் பேச்சு குறையக் குறைய பார்சல் பெரிதானது. "கூச்சப்படுறா மாப்ள" என்று பக்கத்து சீட் விக்ரமிடம் சொல்லிக்கொள்வான். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்தப் பிழையை எழுத என்னிடம் பட்டியல் இல்லை.

கடைசிப் பார்சலில் ஆட்டத்தையே பென்டிரைவில் போட்டு அனுப்பினான். அவளுக்கு கேம் பிடிக்குமா என்று கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பகலில் திவ்யாவே மாடியேறி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவன் மேசைக்குப் போய் பென்டிரைவை வைத்தாள்.

"கொற்றிகிட்ட கேக்க எழுவத்திரெண்டு கேள்வி எழுதியிருக்கீங்க. எண்ணிட்டேன். எங்கிட்ட ரெண்டு மாசமா ஒரே கேள்விதான். சாப்ட்டியா."

விக்ரம் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினான்.

"ஞாயித்துக்கெழம அப்பா பத்திரிகை அடிக்கக் குடுக்கப் போறாரு. குடுக்கவா வேணாமான்னு நான் இன்னிக்குள்ள சொல்லணும். அதான் லீவு போட்டுட்டு வந்தேன்."

ராஜபாண்டி எழுந்து நின்றான். "அப்ப என்னையப் புடிக்கலையா திவ்யா?"

"அதுக்குள்ளயா?" என்றாள்.

விக்ரம் சிரித்துத் தொலைத்தான். அவள் சிரிக்கவில்லை. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். எழுபத்திரண்டு எழுதியவனுக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை. எனக்கு முதல்முறையாக அவன்மேல் பாவமாக இருந்தது.

செருப்பை மாட்டும்போது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு வலது காலை இரண்டு தரம் உதறினாள். அவன் அதைப் பார்த்தான்.

"பஸ்ல நின்னுக்கிட்டேவா வந்த?"

ஒற்றைச் செருப்போடு அவள் திரும்பினாள்.

"சோழவந்தான்ல ஏறுனதுலருந்து நின்னுக்கிட்டுத்தான் வாரேன். அம்புட்டுக் கூட்டம். காலு விட்டுப்போச்சு."

நான் என் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். அவள் மறுபடி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மணி பார்த்தாள். கையில் இருந்தது அவன் அனுப்பிய வாட்ச் இல்லை, வார் தேய்ந்த பழசு.

"நாலரைக்குத்தான் எனக்கு பஸ்ஸு," என்றாள். "கேளுங்க."