பாதி வெட்டிய தலையோடு

என் கணவர் சீஃபஸ் ரட் தொடாத வாத்தியம் எங்கள் ஊரான டர்ஹாமில் இல்லை. கிட்டார், பேஞ்சோ, பிடில், மவுத் ஆர்கன் எல்லாமே அவர் சொன்னபடி கேட்கும். புகையிலை ஏல மாதங்களில் கிடங்கு வாசலில் விவசாயிகளை ஆட வைப்பார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியில் மலைநாட்டுக் கதைப்பாடல்கள் பாடுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் பாடல்களுக்குக் கிட்டார் வாசிப்பார்.

ப்ளூஸ் என்கிற எங்கள் கறுப்பு ஜனங்களின் சோகப் பாட்டு மட்டும்தான் சிக்கல். 1952-ல் எங்கள் சபைக்கு வந்த பாஸ்டர் டில்மன், முதல் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்: சனிக்கிழமை பிசாசுக்கு வாசிக்கிற கை, ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கு வாசிக்கக் கூடாது. சீஃபஸுக்கு இரண்டையும் விட மனமில்லை. பக்கத்து மாவட்டத்து நடனக் கூடங்களில் 'ரெட் ஜெப்' என்ற பெயரில் ப்ளூஸ் பாடினார். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

1964-ல் நியூயார்க்கிலிருந்து வந்த ஒருவர் அவரை இசைத்தட்டுக்குப் பாட வைத்தார். ரெட் ஜெப் என்றுதான் போடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, முடிவெட்டப் போன மனுஷன் பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு ஓடி வந்தார். சலூனுக்கு எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் அந்தத் தட்டு இருந்ததாம். உறையில் அவர் முகம், அதன் கீழ் முழுப்பெயர்.

"வெர்லீன், அந்த போட்டோ சும்மா ஞாபகத்துக்குன்னு நெனச்சேன்டி."

மீதி முடியை நானே வெட்டிவிட்டேன். வேறு யாராவது போய்ச் சொல்வதற்குள் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றேன். சனிக்கிழமை காலை போனார். பாஸ்டர் கத்தவில்லை, திட்டவில்லை. நாளை ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம் என்று மட்டும் சொன்னார். அன்று முழுவதும் சீஃபஸ் ஒரு வாய் சாப்பிடவில்லை.

மறுநாள் கிட்டார் இல்லாமல் பாட்டெல்லாம் நொண்டியது. பிறகு எல்லோரும் கீழ்க்கூடத்தில் கூடினோம். பக்கத்துச் சமையலறையில் கோழி பொரியும் சத்தம். பாஸ்டர் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் சீஃபஸ் எழுந்தார்.

"மறைச்சது தப்பு. மன்னிச்சிருங்க. ஆனா அந்தப் பாட்டும் எங்கப்பன் வயல்ல பாடுனதுதான். அதப் பிசாசு குடுத்துச்சுன்னு என்னால சொல்ல முடியல."

சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன் வொமாக் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த மதர் யூலா கைத்தடியைத் தரையில் தட்டினாள். எண்பத்தொரு வயது, சபையில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"ஒண்ணு கேக்குறேன். இந்த விஷயம் இதுக்கு முன்னால தெரியாதவங்க கையத் தூக்குங்க."

பாஸ்டர் தூக்கினார். சுற்றிப் பார்த்தார். அவர் கை ஒன்றுதான் மேலே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் இரண்டு கையும் மடியிலேயே இருந்தன.

"ஒனக்குமா தெரியும்?" என்றார்.

"ராக்ஸ்பரோல என் தங்கச்சி கல்யாணத்துக்கு வாசிச்சது யாருன்னு நெனச்சீங்க? நீங்க அன்னிக்கு மாநாட்டுக்குப் போயிட்டீங்க."

சீஃபஸ் மதர் யூலாவைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு எப்பலேருந்து தெரியும் மதர்?"

"மொத நாள்லேருந்து. பேர மாத்துனா கிட்டாரு மாறிருமா? நாலு ஊருக்கு நீ ஒருத்தன்தான் அப்படி வாசிக்கிற."

பாஸ்டர் மெல்ல உட்கார்ந்தார். குனிந்த அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். நிமிர்ந்தபோது பார்த்தால் சிரிப்பு. பன்னிரண்டு வருஷமாக யாருக்குப் பிரசங்கம் பண்ணினேன் என்று கேட்டார்.

கடைசியில் சொன்னார்: "பிரதர் ரட், சனிக்கிழமை எங்க வேணா வாசிங்க. ஞாயித்துக்கிழம தூங்கி வழிஞ்சுக்கிட்டு மட்டும் வராதீங்க. அடுத்த வாரம் கிட்டாரோட வாங்க."

சீஃபஸ் தலையாட்டினார். அதன்பின் மூன்று துண்டு கோழி, இரண்டு தட்டு கீரை, மதர் யூலா செய்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பு அப்பத்தில் கால்வாசி என்று சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தவர், ஷூவைக்கூடக் கழற்றாமல், மத்தியான வெயில் முகத்தில் விழ, அசந்து தூங்கிப்போனார். நான் திரையை மட்டும் இழுத்துவிட்டேன்.