அத்தை பார்த்த பாகம்

சுடர்விழி கொல்லைக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவி முடிப்பதற்குள் மாமியார் ராசம்மாள் அன்றைய சீரியல் கதையை ஆரம்பித்துவிட்டாள். "அந்த யாழினிப் புள்ள இன்னைக்கி புருசங்கிட்ட நேருக்கு நேரா கேட்டுப்புட்டா சுடரு. மாடிப்படியில நின்னுக்கிட்டு. நல்லாக் கேட்டா." என்ன கேட்டாள் என்று மட்டும் ராசம்மாளுக்குச் சட்டென்று சொல்ல வராது. யார் என்ன புடவை கட்டியிருந்தார்கள், அடுப்பில் என்ன கொதித்தது, வேலைக்காரிக்கு ஏன் மூஞ்சி சுருங்கியது என்று ஊரைச் சுற்றிக்கொண்டுதான் விஷயத்துக்கு வருவாள். சுடர்விழி அவசரப்படுத்த மாட்டாள். ராத்திரி புருஷன் இளவழகன் கத்தாரிலிருந்து பேசும்போது எதைப் பற்றிக் கேட்பான் என்று யார் கண்டது? ஒருமுறை யாழினியின் தங்கச்சி போட்டிருந்த தோட்டைப் பற்றிக் கேட்டான், அதே மாதிரி வாங்கி வரட்டுமா என்று. எந்தத் தோடு என்று தெரியாமல் இவள் வேண்டாம் என்று சொல்லிவைத்தாள்.

எல்லாம் போன தை மாதம் அவன் லீவில் வந்தபோது தொடங்கியது. கேபிளை நிறுத்திவிட்டு நெட் லைன் போட்டான், கூடத்துச் சுவரில் பாதியை அடைக்கிற மாதிரி ஒரு டிவியை மாட்டினான். கேபிள்காரர் காத்தான் வந்து பழைய பெட்டியைக் கழற்றி, வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே, "ஊர்ல பாதி வீடு இப்புடித்தான் ஆயிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெட்டியின் அருமை சுடர்விழிக்கு அப்போது தெரியவில்லை. யார் எதைப் பார்த்தார்கள், பாதியில் எழுந்து போனார்களா என்று அது யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. புதிதாக வந்தது அப்படியில்லை. கணக்கு இளவழகன் பேரில், அவனுடைய போனிலும் அதேதான் ஓடும். எந்தப் பாகத்தை எதுவரை பார்த்திருக்கிறார்கள் என்று படத்துக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு நீளும். பகலில் இங்கே கோடு எதுவரை நகர்ந்ததோ, அதுவரைக்கும் ராத்திரி அங்கே அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்ப்பான். "ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து பாக்குற மாதிரி சுடரு" என்று ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் அன்று அவன் சொன்னபோது அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. கோடு ஒருநாள் நகராவிட்டால் பதறிப்போய்ப் பேசுவான், உடம்பு சரியில்லையா, மனசு சரியில்லையா என்று. அவன் வேவு பார்க்கவில்லை. அதுதான் கஷ்டமே. வேவு பார்க்கிறவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

சுடர்விழி லேப் டெக்னீஷியன் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் திருவாரூரில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். கல்யாணமான புதிதில் மறுபடி போகட்டுமா என்று கேட்டதற்கு இளவழகன் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. "எங்கம்மா அடுத்தவன் வயல்ல குனிஞ்சே கிடந்துச்சு. போதும். நான் வெயில்ல நின்னு வெல்டிங் அடிக்கிறது, என் பொண்டாட்டி அடுத்தவன் ரத்தத்தையும் மூத்திரத்தையும் கையில ஏந்துறதுக்கா?" கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னான். அவன் மானம் அதில் இருந்தது. அவளுக்கு அந்த வீட்டில் அரிசி களைய வேண்டும், கோழியை அடைக்க வேண்டும், அதோடு பொழுது முடிந்தது. பிள்ளையும் இல்லை. நாலு வருஷம் அப்படி ஓடிய பிறகு, மன்னார்குடியில் லேப் வைத்திருக்கும் ஃபாஜில் மத்தியானத்துக்கு மட்டும் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டாள். ராசம்மாளிடம் பயந்து பயந்து சொன்னபோது, அவள் வெற்றிலையை மென்றுகொண்டே, "போயிட்டு வா. நான் பாத்துக்குறேன்" என்றாள். டிவியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தமாகும் என அப்போது இரண்டு பேருமே நினைக்கவில்லை.

ஊருக்கு இது தெரியும். சர்க்கரை பார்க்க, டெங்குக் காய்ச்சல் பார்க்க என்று போகிறவர்களின் கையில் ரப்பரைக் கட்டி நரம்பு தேடுவது இவள்தானே. "நம்ம சுடரு குத்துனா வலிக்கவே வலிக்காது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். புருஷன் சம்மதத்தோடுதான் போகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டதால் யாரும் அதை இளவழகனிடம் ஒரு செய்தியாகச் சொல்லவில்லை.

ராசம்மாள் பாடுதான் பாடு. மத்தியானம் சாப்பிட்டதும், அந்தச் சிவப்புக் கோடு நகர்வதற்காக ஒயர் நாற்காலியில் உட்கார்ந்தால் மருமகள் வரும் வரை எழுந்திருக்க முடியாது. கேபிள் இருந்தபோது நடுநடுவே விளம்பரம் வரும், ஆட்டுக்குத் தழை போடலாம், எதிர்வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம். "இது சனியன் ஒரேயடியா ஓடுது. ஒண்ணுக்குப் போகக்கூட விட மாட்டேங்குது" என்று புலம்புவாள். நிறுத்திவிட்டுப் போகலாம் என்று சுடர்விழி சொல்லிக் கொடுத்தும், நிறுத்தினால் மறுபடி வருமோ வராதோ என்று அவளுக்குப் பயம். "நடவுக்குப் போனப்பகூட வரப்புல ஏறி நின்னு ஒரு வெத்தல போட விட்டாங்கடி" என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்குச் சுடர்விழிக்குச் சிரிப்பும் வந்தது, அடுப்படிக்குப் போய் அழுகையும் வந்தது. தான் வெளியே போவதற்காக இன்னொருத்தியை உள்ளே கட்டிப்போட்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

இன்றைக்கு லேபில் ஃபாஜில் கூப்பிட்டுச் சொன்னார். "காலையில பாத்துக்குற மேகலாவுக்குக் கல்யாணம், வேலைய விட்டு நிக்கிறாங்க. திங்கக்கிழமைலேருந்து நீங்க முழு நாளும் வந்துருங்க சிஸ்டர். வெறும் வயித்தோட வர்றவங்க விடிஞ்சதுமே வந்து நிப்பாங்க. முடியாதுன்னா நாளைக்கே சொல்லிருங்க, நான் வேற ஆள் பாக்கணும். ரெண்டு ஆளு வச்சுக் கட்டுப்படியாகாது." முழு நாள் என்றால் மறைக்க வழியில்லை. காலை இடைவேளையில் தினமும் வீடியோ காலில் வருகிறவன் அவன். முடியாது என்றால் மத்தியான வேலையும் போய்விடும், மறுபடி அரிசியும் கோழியும்தான். பஸ்ஸில் வரும்போது ரோட்டில் பாதிக்குக் குறுவை நெல் காயப்போட்டிருந்தார்கள், டிரைவர் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். இளவழகனிடம் சொல்ல வேண்டியதை அந்த நேரம் முழுக்க அவள் வாய்க்குள் பேசிப் பார்த்தாள். எப்படி ஆரம்பித்தாலும் இரண்டாவது வார்த்தையில் நின்றது.

"கடைசில என்ன ஆச்சு அத்தை?"

"என்ன ஆவும்? பெட்டியைத் தூக்கிட்டா. துணியெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு, வாசப்படி எறங்கி, விறுவிறுன்னு போயி பஸ்ல ஏறிட்டா. சன்னலோரமா எடம் கெடச்சுது."

"புருசன்?"

"நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். போவாதன்னு ஒரு வார்த்த சொல்லணுமே! சொல்லல."

ராசம்மாளின் கன்னத்தில் நாற்காலி ஒயரின் தடம் பதிந்திருந்தது. சுடர்விழி அதைப் பார்த்தாள், ஆனால் புத்தியில் ஏறவில்லை. இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது என்று அவளுக்குத் துள்ளலாக இருந்தது. யாழினி போனது சரியா என்று கேட்டால் அவன் ஏதாவது சொல்வான். அங்கிருந்து தன் கதைக்கு வந்துவிடலாம்.

சாப்பிட்டு முடித்தபோது அவன் அழைப்பு வந்தது. குளித்த ஈரத் தலை, இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் படுத்திருந்தான். சாப்பாடு, மழை, ஆடு என்று விசாரித்து முடித்தான்.

"இன்னைக்கிப் பாகத்தைப் பாத்துட்டீங்களா?" என்று அவளே கேட்டாள்.

"இப்பதான் முடிச்சேன்."

"யாழினி அப்புடிப் போனது சரிதானங்க?"

"எங்க போனா?"

"வீட்டை விட்டு. பஸ் ஏறி..."

அவன் சிரித்தான். "பஸ்ஸா? வாசல் வரைக்கும் வந்துட்டு அவதான் திரும்பி உள்ள போயிட்டாளே சுடரு. பெட்டியைத் தொறந்து துணியெல்லாம் எடுத்து மறுபடி அலமாரியில அடுக்குனாளே. அதோட முடிஞ்சுது."

பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ராசம்மாளின் கை நின்றது.

"நீ பாக்கலயா?" என்றான் அவன். சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

தூங்கிவிட்டேன் என்ற பொய் நாக்கின் நுனிக்கு வந்தது. ரொம்பச் சுலபமான பொய். இன்றைய ராத்திரி அதோடு தீர்ந்துவிடும், நாளைக்கு ஃபாஜிலிடம் முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

"பாக்கலங்க" என்றாள். "இன்னைக்கின்னு இல்ல. ரொம்ப நாளாவே பாக்கல."

"அந்தக் கொழந்த செத்த பாகத்துல அழுதேன்னு சொன்னியே?"

"அத்தை அழுதாங்க."

அவன் எழுந்து உட்கார்ந்தான். முகம் திரையை விட்டு விலகித் தோள் மட்டும் தெரிந்தது. "அப்ப இத்தன மாசமா நான் யாருகூட பாத்துக்கிட்டு இருந்தேன்?"

"எங்கூடத்தான்டா" என்றாள் ராசம்மாள் இருந்த இடத்திலிருந்தே.

அவன் சிரிக்கவில்லை. வேறு சமயமாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். "பஸ் ஏறுனான்னு நீதான் சொன்னியாம்மா?"

"ஆமாடா தம்பி. கடைசில கண்ணு அசந்துட்டேன். அவ பெட்டியோட வாசலுக்கு வந்தது வரைக்கும் பாத்தேன். அதுவரைக்கும் வந்தவ போவாமயா இருப்பான்னு நெனச்சேன்."

அவன் மறுபடி திரைக்கு முன்னால் முகத்தைக் கொண்டுவந்தான். பிறகு குரலை இறக்கி, "சுடரு, மத்தியானமெல்லாம் நீ எங்க இருந்த?" என்று கேட்டான்.

"மன்னார்குடியில. லேப்ல. ரத்தம் எடுக்குற வேலைங்க. சித்திரை மாசத்துலேருந்து."

திரை ஆடியது. அவன் போனைக் கட்டிலில் வைத்துவிட்டான் என்று புரிந்தது, ஏனென்றால் இப்போது அதில் மேல்கட்டிலின் அடிப்பலகை மட்டும்தான் தெரிந்தது. பலகையின் ஓரத்தில் ஒரு துண்டு தொங்கியது. தூரத்தில் யாரோ இந்தியில் பேசினார்கள், ஒரு கதவு சாத்தியது. அவன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறானா, எழுந்து வெளியே போய்விட்டானா, தெரியவில்லை.

"என்னங்க?" என்றாள்.

"வச்சிராத. இரு" என்றாள் ராசம்மாள். கீரையைத் தள்ளிவைத்துவிட்டு வந்து மருமகளின் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுடர்விழிக்கு அவன்மேல் பாவமாக இருந்தது, பயமாக இருந்தது, இரண்டுக்கும் அடியில் கோபமும் இருந்தது. பஸ்ஸில் நின்று நின்று போன வார்த்தைகளை இப்போது சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் சொல்ல வராது என்று தோன்றியது.

"திங்கக்கிழமைலேருந்து முழு நாளும் வரச் சொல்றாங்க" என்று அவள் பலகையிடம் சொன்னாள். "நான் போவேங்க. எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு."

துண்டு லேசாக அசைந்தது. விடிவதற்கு முன்னாலேயே ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப வேண்டியவர்கள் இருந்த அந்த அறையில் யாரோ விளக்கை அணைத்தார்கள். திரை மொத்தமும் இருட்டாகி, குனிந்திருந்த இரண்டு முகங்களும் அதில் மங்கலாகத் தெரிந்தன. அழைப்பின் நொடிகள் மட்டும் மேலே ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.