பெல்ட்டில் மீன் வாடை

கருவடிக்குப்பம் போய்த் திரும்பும்வரை, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடக் கூடாது. தொடாவிட்டால் நாளை சோழவரம் பந்தயத்துக்கு மெக்கானிக் கன்னியப்பனும் காரில் ஏறிக்கொள்ளலாம். தொட்டால் கார் கொட்டகையை விட்டே நகராது. காரின் சொந்தக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ராஜாங்கம் முசியே போட்ட நிபந்தனை இது.

அது ஐம்பத்தேழாம் வருஷம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபின், அந்தப் பந்தயக் காரில் எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறிக்கு அளவான பெல்ட் வருவது நின்றுவிட்டது. மதராஸில் கிடைத்தது நீளம். தொய்வை எடுக்கக் கன்னியப்பனே ஒரு சிறு சக்கரத்தை ஸ்பிரிங் வைத்துப் பூட்டினான். அது பெல்ட்டை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும். தினமும் அந்தச் சக்கரத்தைத் துடைத்து எண்ணெய் விடுவான்.

போகும்போது வண்டி பறந்தது. ஓட்டியவர் முசியே, பக்கத்தில் கன்னியப்பன். இருவர் கண்ணும் முள்மேலேயே. திரும்பி வருகையில், பெரிய மார்க்கெட் அருகே, முன்னால் கிறீச்சென்று சத்தம். முள் விறுவிறுவென ஏறியது. சிவப்புக்கு ஒரு நகக்கண் இடம் இருக்கும்போது முசியே வண்டியை நிறுத்தினார்.

பானெட்டைத் திறந்ததும் மீன்கடைப் பூனைகள் ஓடிவந்து சுற்றி உட்கார்ந்தன. அவற்றின் பின்னாலேயே மீன் விற்கும் கன்னியப்பனின் அத்தை தனக்கொடியும் வந்தாள்.

"இன்னாடா, காருக்குள்ள சுறா பொரிக்கிறியா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கடற்கரைக் குப்பத்தில் எது கிறீச்சிட்டாலும் மீனெண்ணெய்தான் விடுவார்கள்; அந்தப் பழக்கத்தில் அவனும் சக்கரத்துக்கு அதையே விட்டிருந்தான். பந்தய ஆசையில் இன்று காலை கை தாராளமாகவே சாய்த்துவிட்டது. சூட்டில் இளகி, பெல்ட் முழுக்க வழிந்திருந்தது. சக்கரம் தன் பாட்டுக்கு அழுத்தியது. பெல்ட்தான் விலாங்கு மீனாய் வழுக்கியது.

விலாங்கு! கன்னியப்பன் சட்டென்று நிமிர்ந்தான்.

"அத்த, ஒன் சாம்பல் சட்டிய குடு."

வழுக்கும் மீனைப் பிடித்து அரிய அவள் எப்போதும் சாம்பல் வைத்திருப்பாள்.

"விலாங்குக்கு வச்சது. வெளங்காதவனும் எடுத்துக்க."

ஸ்பிரிங்கை நெம்பிப் பெல்ட்டைக் கழற்றினான். சாம்பலில் புரட்டி, பிசுக்குப் போகத் தேய்த்து, தூசு ஒட்டாமல் துணியால் துடைத்தான். சக்கரத்தையும் துடைத்து, அச்சில் மட்டும் துளி கிரீஸ் தடவிப் பூட்டினான்.

எஞ்சின் உறுமியது. கிறீச் சத்தம் இல்லை. முள் அதே இடத்தில் நின்று யோசித்தது. பிறகு இறங்கத் தொடங்கியது.

கொட்டகை வந்தது. முசியே இறங்கிக் கதவைச் சாத்தியபின் சொன்னார்:

"விடிய வந்துடு. அந்தச் சட்டியையும் எடுத்துகினு வா."

அதற்குள் கன்னியப்பன் மார்க்கெட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான்.