இருப்பவருக்கு ஓர் அஞ்சலி

ஒரு மணி நேர வானொலி நிகழ்ச்சியில் சராசரியாக நானூறு எச்சில் சத்தங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி வெட்டுவதிலேயே எடிட்டரின் வியாழக்கிழமை கழியும். திரையில் அவை சின்னச் சின்ன முட்களாகத் தெரியும். உதடு பிரியும்போது ஒன்று, நாக்கு அண்ணத்தை விட்டு வரும்போது ஒன்று, வாயில் கிராம்பு மிட்டாய் இடம் மாறும்போது ஒன்று. ஏழு வருடமாக வெட்டுகிறாள். இப்போதெல்லாம் வீட்டில் யாராவது சத்தம் போட்டுச் சாப்பிட்டால் தட்டோடு வேறு அறைக்குப் போய்விடுகிறாள்.

வாய்க்குச் சொந்தக்காரர் எழுபத்தொரு வயது அறிவிப்பாளர். நேயர்களுக்கு அவர் ராக் அண்ணன். நிலையத்துக்குள், அவர் காதுக்கு எட்டாத இடங்களில், வெல்வெட். பழைய பாப், ராக் பாட்டுகளைப் போட்டு, அவற்றைச் சுற்றித் தன் வாலிபத்தைக் கதையாகச் சொல்வார். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ‘நேரலை’ என்று வரும் நிகழ்ச்சி வியாழன் காலையே பதிவாகிவிடும். “ஜன்னலுக்கு வெளியே தூறல் போடுது பாருங்க” என்று அவர் சொல்லும் அறைக்கு ஜன்னலே கிடையாது. மைக்கின் பஞ்சு உறை ஒரு காலத்தில் கறுப்பாக இருந்தது. இப்போது அதன் நடுவில் காபி நிறத்தில் ஒரு வட்டம். கிட்டே போனால் கிராம்பும் பழைய துணியும் கலந்த நெடி. புது உறை வாங்கிக் கொடுத்தபோது, “என் குரல் அதுல ஊறியிருக்கும்மா” என்று சொல்லிவிட்டார்.

நிலையத்தின் கணினியில் ‘அஞ்சலி’ என்று ஒரு கோப்புறை இருக்கிறது. அதில் இருபத்துமூன்று பெயர்கள். எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள், வயதான பாடகர்கள், கிதார்க்காரர்கள், டிரம்மர்கள். ஒவ்வொருவருக்கும் வெல்வெட் துக்கத்தோடு பேசிய பதினைந்து நிமிடப் பேச்சு தயார். செய்தி வந்தால் தேதியை மட்டும் சேர்த்துப் போட வேண்டியதுதான். போன வருடம் ஒரு பாடகர் இறந்த நாற்பதாவது நிமிடத்தில் இந்த நிலையத்தில் அஞ்சலி ஓடியது. மற்ற நிலையங்கள் அப்போது பாட்டுத் தேடிக்கொண்டிருந்தன. மேலாளர் அம்மா அதற்காக எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். எடிட்டரும் ஒரு துண்டு சாப்பிட்டாள்.

இருபத்துநான்காவது பெயர் அவளுடைய மாமனார்.

ஐம்பது வருடத்துக்கு முன் வெல்வெட்டும் மாமனாரும் ஒரே இசைக்குழுவில் இருந்தார்கள். வெல்வெட் பாடினார். மாமனார் கிதார் வாசித்தார். குழுவில் அவருக்குப் பெயர் கம்பி. அந்தக் குழு போட்ட பாட்டுகளில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, எல்லாரும் மழைப் பாட்டு என்று சொல்லும் பாட்டு. ஆரம்பத்தில் வரும் கிதார் மீட்டலைக் கேட்டதுமே ஊரில் பாதிப்பேர் விரலால் மேசையைத் தட்டுவார்கள். அந்த மெட்டு பேருந்தில் தனக்குத் தோன்றியது என்று வெல்வெட் ஐம்பது வருடமாகச் சொல்லி வருகிறார். மெட்டைப் போட்டது கம்பி. ரிக்கார்டு உறையில் அவர் பெயர் ‘உடன் வாசித்தவர்கள்’ என்ற வரியில் மூன்றாவதாக இருக்கிறது.

மாமனாருக்கு நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் உறுமும் இயந்திரம். போன மாதம் மருமகளைக் கூப்பிட்டு ஒன்று கேட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

“அவன்கிட்ட சொல்லும்மா. ஒரே ஒரு தடவை. ரேடியோவில. மெட்டு யாரோடதுன்னு. எனக்குக் காது கேக்கிறப்பவே.”

அவள் சொன்னாள். வெல்வெட் கண்ணை மூடி, தலையை ஆட்டி, அவள் தோளில் கை வைத்து, “பாக்கலாம்மா” என்றார். வந்த பலன் இந்த வியாழக்கிழமை தெரிந்தது. மாமனாருக்கான அஞ்சலியைப் பதிவு செய்ய உட்கார்ந்தார்.

“நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காதே,” என்றார் மேலாளர் அம்மா, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று. “எல்லாருக்கும் பண்றதுதானே. வேற ஆளை உக்கார வைக்கட்டுமா?”

“வேண்டாம் மேடம். நானே பண்றேன்.”

வேறு யாரும் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

வெல்வெட் தொண்டையைச் செருமி, காகிதக் கோப்பையில் துப்பி, சிவப்பு விளக்கு எரிந்ததும் ஆரம்பித்தார். கம்பி நல்லவன், கம்பி அமைதியானவன், கம்பியின் விரல் பேசும். ஒன்பதாவது நிமிடத்தில் குரலை இறக்கினார்.

“இன்னிக்கு ஒரு உண்மையைச் சொல்லணும். மழைப் பாட்டோட மெட்டு என்னோடது இல்லை. அது கம்பியோடது. இத்தனை வருஷம் மறைச்சிட்டேன்.”

பிறகு அழுதார். முதல் தடவை அழுகை இருமலாகிவிட்டது. இரண்டாவதில் அழுகை சீக்கிரமே வந்துவிட்டது. மூன்றாவதில் கச்சிதமாக வந்தது. ஆனால் அதில் ‘மெட்டோட பாட்டு’ என்று உளறிவிட்டார்.

“மொத டேக் பேச்சை வச்சுக்கோ, மூணாவது அழுகையை ஒட்டிடு,” என்றார், கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி. கண்ணைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

“சார், இதை இந்த ஞாயித்துக்கிழமையே போடலாமே? அவர் கேப்பாரு.”

“இப்ப போட்டா வீணாப் போயிடும்மா.” பொறுமையாகத்தான் சொன்னார், குழந்தைக்குச் சொல்வதுபோல. “இது ஒரு தடவைதான் வெடிக்கும். அன்னிக்கு வெடிச்சாத்தான் அவனுக்கும் மரியாதை. எனக்கு என்ன, நானா மாட்டேன்கிறேன்?”

மேலாளர் அம்மா தலையாட்டினார். “விருதுக்கே அனுப்பலாம்.”

எடிட்டர் மேசைக்குத் திரும்பி வேலையைப் பார்த்தாள். முட்களை வெட்டினாள். முதல் பேச்சில் மூன்றாவது அழுகையை ஒட்டினாள். ஒட்டிய இடம் தெரியாமலிருக்க அறையின் நிசப்தத்தில் அரை நொடி எடுத்து இடையில் வைத்தாள். கை தானாகச் செய்தது. முடித்த பிறகுதான், அந்த அழுகை நிஜமாகத் தெரிவதற்குக் காரணம் தன் கை என்பது உறைத்தது. குளியலறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள், முழங்கை வரைக்கும்.

அன்று மாலை கணவர் வரும்முன் மாமனாரின் காதில் ஹெட்போனை வைத்தாள். அவர் கண்ணைத் திறந்தபடியே கேட்டார். நல்லவன் என்றபோது முகம் மாறவில்லை. மெட்டு பற்றி வந்தபோது ஒரு விரல் மட்டும் போர்வையில் அசைந்தது. அழுகை வந்ததும் கையைத் தூக்கினார்.

“நிறுத்தும்மா. இது வேற டேக்.”

“எப்படித் தெரியுது மாமா?”

“பேசறப்போ வாயில மிட்டாய் இருக்கு. அழுறப்போ இல்லை.” மூச்சு வாங்கினார். “ஒட்டினது யாரு?”

அவள் தன் கைகளைப் பார்த்தாள். அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். அப்படி அவர் அவளைப் பார்த்ததில்லை. தட்டில் ஏதோ ஊர்வதைக் கண்டவர் போலிருந்தது.

“நான் செத்துட்டேங்கிறதைத் தவிர மத்ததெல்லாம் சரியாத்தான் சொல்றான்,” என்றார் கடைசியில். “அந்த ரெண்டு வரி போதும்மா. அழுகையைத் தூக்கிக் குப்பையில போடு.”

வெல்வெட்டுக்குத் தன் நிகழ்ச்சியைத் தானே கேட்கும் வழக்கம் கிடையாது. ஞாயிறு மாலைகளில் அவருக்கு ஏதாவது மேடை இருக்கும். வெள்ளிக்கிழமை, நிகழ்ச்சியை ஒலிபரப்புக்கு ஏற்றும்போது, எடிட்டர் நாற்பத்தோராவது நிமிடத்தில் பத்து நொடியை நுழைத்தாள். ‘மழைப் பாட்டோட மெட்டு என்னோடது இல்லை. அது கம்பியோடது. இத்தனை வருஷம் மறைச்சிட்டேன்.’ அதன் பின்னால் முழுப் பாட்டையும் வைத்தாள். அதன் மேல் யாரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மூன்று பேரும் கேட்டார்கள். பத்து நொடி முடிந்து கிதார் ஆரம்பித்தது. கணவர் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டார். மாமனார் பாட்டை முடியும் வரை கேட்டார்.

“ரெண்டாவது சரணத்துல டிரம்ஸ் ஓடுறான் பாரு,” என்றார் பிறகு. “அன்னிக்கே சொன்னேன். கேக்கலை.”

திங்கட்கிழமை எடிட்டர் மேசை இழுப்பறையைக் காலி செய்துவிட்டுக் காத்திருந்தாள். வெல்வெட் சிரித்துக்கொண்டே வந்தார். பின்னால் மேலாளர் அம்மா, கையில் செல்போன்.

“எழுநூறு மெசேஜ்! எல்லாம் அண்ணனுக்குத்தான். ‘பெரிய மனசு’, ‘இந்த நேர்மை யாருக்கு வரும்’... ஒரு அம்மா அழுதுக்கிட்டே குரல் பதிவு அனுப்பியிருக்காங்க.”

“கேக்காம பண்ணினது தப்புதான்,” என்றார் வெல்வெட், அவள் கன்னத்தைத் தட்டி. விரலில் கிராம்பு வாசனை. “ஆனா உனக்கு டைமிங் தெரியுது. என்ன, அஞ்சலியில இப்ப ஓட்டை விழுந்துடுச்சு. அதை அடைக்கணும். கம்பிக்குப் போன் போடு. மன்னிச்சேன்னு அவன் வாயால ஒரு வார்த்தை. அது போதும், உச்சத்துல நிக்கும்.”

“அவரால பேச முடியாது சார்.”

“ஒரு வார்த்தைக்கு என்ன?”

அவரே வீட்டு எண்ணைப் போட்டார். சிவப்பு விளக்கையும் அவரே எரிய விட்டார். மாமனார் எடுத்தார்.

“டேய் கம்பி, கேட்டியாடா? ஊரே கொண்டாடுது. என்னை மன்னிச்சிட்டியா?”

ஒலிபெருக்கியில் இயந்திரத்தின் உறுமல் கேட்டது. அதற்கு மேல் ஒரு மூச்சு, பாதியில் நின்று, மறுபடி தொடங்கும் மூச்சு.

“கேட்டேன்,” என்றார் மாமனார். “சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டே. இனிமே என் பேரை எடுக்காதே. வச்சிடு.”

மாமனாரே வைக்கவில்லை. ரிசீவரைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தெம்பு வேண்டியிருந்தது. மூச்சு மட்டும் அறை முழுக்க ஏறி இறங்கியது. வெல்வெட் கண்ணாடி வழியாக எடிட்டரைப் பார்த்தார். கட்டை விரலை உயர்த்தினார். வாயை மட்டும் அசைத்து, மெதுவாக, அவளுக்குப் புரிய வேண்டுமென்று சொன்னார்.

“மூச்சை வெட்டாதே. அது வேணும்.”

மறுமுனையில் டக்கென்று தொடர்பு அறுந்தது. எடிட்டர் பதிவை நிறுத்தினாள். அதை அழித்தாள். அஞ்சலிக் கோப்புறையைத் திறந்து இருபத்துநான்காவதையும் அழித்தாள். நகல் வைக்கும் இடத்துக்குப் போய் அங்கும் அழித்தாள். வெல்வெட் வெளியே வந்து திரையைப் பார்த்தபோது மாமனார் பெயர் அதில் இல்லை.

“என்னம்மா பண்ணிட்டே? அது நிலையத்தோட சொத்து!”

“அவர் மூச்சு சார் அது.”

“மேடம், இவளைப் பாருங்க...”

மேலாளர் அம்மா எடிட்டரைப் பார்க்கவில்லை. “சரி விடுங்க, திரும்பப் போன் போடுங்க,” என்றார். “இந்தத் தடவை நல்லாவே பேசுவாரு.”

வெல்வெட் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எண்ணை அழுத்தினார். எடிட்டர் பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அவர் துண்டித்துவிட்டு மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு மணிக்கும் திரையில் ஒலிமானி சிவப்பு வரை தாவி விழுந்தது.

“எடுப்பான்,” என்றார் வெல்வெட், மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு. “வேற எங்க போகப்போறான்?”