காலை வழக்கும் பிற்பகல் வழக்கும்

அந்தச் செவ்வாய்க்கிழமை அரசு வழக்கறிஞர் வீப்கே ஹார்ம்ஸன் கையில் இரண்டு வழக்குகள் இருந்தன. இரண்டிலும் வண்டியைப் பின்னால் எடுத்தவர் ஒழுங்காகப் பார்க்கவில்லை. இரண்டிலும் ஓர் உயிர் போயிருந்தது.

காலையில் குற்றம் சாட்டப்பட்டு நின்றவர் மோம்ஸன் என்ற விவசாயி. அவருடைய டிராக்டர் சக்கரத்தில் சிக்கியது அவர் மனைவியே. நாற்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவள். குற்றம் செய்தவரே அதனால் நொறுங்கிப்போயிருந்தால், குற்றவாளி என்று மட்டும் சொல்லித் தண்டனையை விட்டுவிடச் சட்டத்தில் இடமுண்டு. வீப்கே அதைத்தான் கேட்டாள். நீதிபதியும் ஒப்புக்கொண்டார். மோம்ஸன் தொப்பியைக் கசக்கியபடி வெளியே போனார். நன்றி சொல்லவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

இதையெல்லாம் கடைசி வரிசையிலிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். ரொட்டிக்கடை வேன் ஓட்டும் ஹின்னர்க். பிற்பகல் வழக்கு அவனுடையது. சந்தைத் திடலில் அவன் வேன் இடித்து ஒரு முதியவர் இறந்திருந்தார். பிற்பகலில் அந்த முதியவரின் மகள் டோர்ட்டே, பாதிக்கப்பட்டவள் என்ற உரிமையில் வீப்கேவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வீப்கே வழக்கமானதைக் கேட்டாள்: ஒன்பது மாதச் சிறை, நன்னடத்தையின் பேரில் நிறுத்திவைப்பு, மூன்று மாதம் வண்டி ஓட்டத் தடை.

தீர்ப்புக்கு முன் கடைசியாகப் பேசும் உரிமை ஹின்னர்க்குடையது. எழுந்தான்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. காலையில அந்தப் பெரியவருக்காக மேடம் சொன்னதை உக்காந்து கேட்டேன். சரியாத்தான் சொன்னாங்க. ஆனா ஒண்ணு புரியல. அவரும் கண்ணாடியைப் பாக்கல, நானும் பாக்கல. அவர் சொந்தத்தைக் கொன்னாரு, நான் யாரையோ கொன்னேன். என் சம்சாரத்தை இடிச்சிருந்தா என்னையும் விட்டிருப்பீங்களா? எனக்கும் தூக்கம் போயிடுச்சு மேடம். அதைக் காட்ட என்கிட்ட கல்லறை இல்ல, அவ்வளவுதான்."

வீப்கே எழுந்தாள். இன்னொரு முறை பேச அனுமதி கேட்டாள். ஆறு மாதம் போதும், வண்டி ஓட்டத் தடை வேண்டாம் என்றாள்.

டோர்ட்டே அவள் அங்கியைப் பிடித்து இழுத்தாள். "என்ன பண்றீங்க? எங்கப்பாவை ஏலம் விடுறீங்களா?"

நீதிபதி ஆறு மாதமே கொடுத்தார்.

தாழ்வாரத்தில் டோர்ட்டே வழிமறித்தாள். "தண்டனை போதாதுன்னு நான் மேல்முறையீடு பண்ண முடியாதாமே?"

"முடியாதுங்க. நான்தான் பண்ணணும். ஒரு வாரம் இருக்கு."

"அப்ப பண்ணுங்க. அவன் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொன்னீங்க. எனக்கு யார் சொல்றது?"

மேலதிகாரி ப்ரூன் மறுநாள் சிரித்துக்கொண்டே குத்திக்காட்டினார். "ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பான்னு அவன் கேட்டானாம். நீ ரெண்டுக்கும் வெண்ணெய் தடவப் போனியாக்கும்! மேல்முறையீடு வேணுமா வேணாமா, நீயே முடிவு பண்ணு. ஆனா பாதிக்கப்பட்டவ கண்ணு மூணாவது, அதை மறந்துடாத."

ஐந்து நாள் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாகப் போயிற்று. ஒன்பது மாதம் அதிகம் என்றே அவள் இப்போதும் நினைத்தாள். அப்படியானால் கோரிக்கையை எழுதும்போதே அதை நினைத்திருக்க வேண்டும். ஒருவன் வாய்விட்டுக் கேட்ட பிறகல்ல. பேசத் தெரியாத எத்தனை பேருக்கு இதே ஒன்பது மாதத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

ஆறாம் நாள் டோர்ட்டேவின் வீட்டு மணியை அடித்தாள். கடிதம் போதும்தான். ஆனாலும் போனாள்.

"மேல்முறையீடு பண்ணப் போறதில்லைங்க. நேர்ல சொல்லணும்னு தோணுச்சு."

டோர்ட்டே உள்ளே கூப்பிடவில்லை. "அவனை ஜெயில்ல தள்ளணும்னு நான் என்னைக்காவது கேட்டேனா? அவன் பேசினப்ப அவனையே பாத்துக்கிட்டிருந்தீங்க. பக்கத்துல நான் உக்காந்திருந்தேன். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பல நீங்க."

"ஆமா. திரும்பல."

"மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க."

"கேக்க வரல. நீங்க சொல்றது உண்மை."

டோர்ட்டே ஓரடி பின்னால் நகர்ந்தாள். பிறகு சத்தமே இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது வீப்கேவுக்கு.