குளோரின் நிறுத்திய தண்ணீர்

மோகனூர்ப் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் ஜோதிக்கு எச்ஐவி பிறவியிலேயே வந்தது. அப்பா லாரி ஓட்டியவர். அவரும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாத்திரை மட்டும் விடாமல் கூடவே வருகிறது. அதன் புண்ணியத்தில் அவள் ரத்தத்தில் வைரஸ் பரிசோதனைக்கே தட்டுப்படாமல் அடங்கிக் கிடந்தது. கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெறலாம், ஒன்றும் ஆகாது என்று டாக்டர் அக்சிலியா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். தீவன லாரி ஓட்டும் அன்புவும் எல்லாம் தெரிந்துதான் காத்திருந்தான். இவள்தான் பிடி கொடுக்கவில்லை. மாத்திரை டப்பாவோடு அவன் வீட்டுக்குள் நுழைய அவளுக்கு மனசு வரவில்லை. மருந்தில்லாத உடம்போடு வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஏக்கம்.

பெங்களூரில் ஒரு புது வைத்தியத்தைச் சோதிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று டாக்டர்தான் சொன்னார். தீங்கு செய்ய முடியாதபடி அடக்கிய ஒரு வைரஸின் மேல் சின்ன உத்தரவு ஒன்றை ஏற்றி ரத்த அணுவுக்குள் அனுப்புவார்களாம். உள்ளே போனதும் அது ஆர்என்ஏ துணுக்காகி, எச்ஐவி நுழைகிற கதவை அந்த அணு செய்யவிடாமல் தடுக்குமாம். பலித்தால் மாத்திரையே வேண்டாம்.

"பலிக்காமலும் போகலாம். ஆசையை ரொம்ப வளர்த்துக்காதே," என்றார் டாக்டர்.

ஆசை யார் பேச்சைக் கேட்டிருக்கிறது? அன்றைக்கே பெயர் கொடுத்தாள். அடுத்த மாதம் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் கூப்பிட்டார்.

"வைரஸ் ஏறியிருக்கு ஜோதி. மாத்திரை போட்டியா இல்லையா?"

"நிறுத்திப்போட்டனுங்க."

"எதுக்கு?"

இது கூடவா தெரியாது என்று இருந்தது ஜோதிக்கு. "குஞ்சுகளுக்குத் தண்ணியில தடுப்பு மருந்து குடுக்கறதுக்கு முன்னால குளோரின் கலக்கறதை நிறுத்திருவோமுங்க. இல்லீன்னா மருந்துல இருக்கற வைரஸ் செத்துப்போகுமுங்க. அந்தப் பெங்களூரு மருந்தும் வைரஸ்தானுங்களே. நான் போடற மாத்திரை அதைக் கொன்னுபோட்டா?"

டாக்டர் திட்டத்தான் வாயெடுத்தார். திட்ட வரவில்லை.

"எப்ப நிறுத்தணும்னு அவங்க சொல்வாங்கம்மா. வைரஸ் அடங்கினவங்களைத்தான் எடுப்பாங்க. உன் பேரை அடிச்சுட்டாங்க."

"மறுபடி அடக்கிட்டு வாரனுங்களே."

"அதுக்குள்ள ஆள் நிறைஞ்சிரும். அடுத்தது எப்பன்னு யாருக்கும் தெரியாது."

ஜோதி துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தையில கட்டிக்கலாம்னு அவருகிட்டச் சொல்லிப்போட்டனுங்க."

"மாத்திரையோடயே போம்மா. அவருக்கு அதுல என்ன?"

"அவருக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்குத்தானுங்க."

டாக்டர் மாத்திரையையும் தண்ணீரையும் அவள் முன்னால் வைத்தார். "நிறுத்தியிருந்தப்ப உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுச்சா?"

"இல்லீங்க." தண்ணீரை அருகில் இழுத்துக்கொண்டாள். "காலையில எந்திரிச்சுச் சும்மா இருந்தனுங்க. எல்லாரும் இருக்கற மாதிரி. அது நல்லா இருந்துச்சுங்க."

பிறகு மாத்திரையை எடுத்து விழுங்கினாள்.